புதிய மொடல் நூறு சீசீ: வன்னி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

நூறு சீசீ வகுப்பு மோட்டார் சைக்கிள்களின் புதிய மொடல் பற்றி வன்னிப் பக்கமிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 இல் பிஎஸ்6 புகை விதி நடைமுறைக்கு வந்தபோது, அங்கு விற்கும் சின்ன வண்டிகளில் பெரும்பாலானவை காபரேட்டரைக் கைவிட்டு, கணினி அளந்து பெற்றோலை விசிறும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. அதே ஆண்டில்தான் இங்கே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 தொடக்கத்தில்தான் மறுபடி திறந்தது. அங்கே படிப்படியாகப் பழகிய மாற்றங்கள் எங்களிடம் ஒரேயடியாக வந்து சேருகின்றன. பழைய வண்டியில் கைகொடுத்த சில வழக்கங்கள் புதிய வண்டியைக் கெடுக்கும். கீழே உள்ள பதில்களில் அதிகம் சொல்லியிருப்பது அதைத்தான்.

கேள்வி: வெளித்தோற்றம், மீற்றர், லைட் எல்லாம் மாறியிருக்கின்றன. இஞ்சினும் புதிதா, அல்லது பழையதற்கே புதுச் சட்டை போட்டிருக்கிறார்களா? (விவசாயி, தருமபுரம்)

இஞ்சினின் அடிப்படை பல மொடல்களில் பழையதுதான். ஹீரோ ஸ்பிளென்டரை எடுத்தால் இன்றும் அதே 97.2 சீசீ, 50 மில்லிமீற்றர் போர் (சிலிண்டரின் அகலம்), 49.5 மில்லிமீற்றர் ஸ்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). பிஸ்டன், கிளச், கியர் வேலை தெரிந்த மெக்கானிக்குக் கை தடுமாறாது. மாறியிருப்பது இஞ்சினுக்குப் பெற்றோலும் நெருப்பும் போகிற வழி. காபரேட்டர் இருந்த இடத்தில் திரொட்டில் பொடியும் இன்ஜெக்டரும் இருக்கின்றன. ராங்கிக்குள் மின்சாரப் பம்ப் ஒன்று பெற்றோலை ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் தள்ளுகிறது. ஹொண்டா சைன் 100 இல் பம்ப் ராங்கிக்கு வெளியே இருக்கிறது. மாற்றுவதும் துப்புரவு செய்வதும் அதில் சுலபம். இஞ்சின் சூடு, உள்ளே போகும் காற்றின் அழுத்தம், திரொட்டில் திறந்திருக்கும் அளவு, சைலன்சர் புகையில் மிஞ்சும் ஒட்சிசன் ஆகியவற்றைச் சென்சர்கள் அளந்து சொல்ல, சீற்றுக்கடியில் அல்லது பக்கக் கவரில் இருக்கும் சின்னக் கணினி பெற்றோல் அளவைத் தீர்மானிக்கிறது.

சோக் இழுப்பதும், காலையில் அக்சிலேற்றரை நாலைந்து தரம் முறுக்குவதும் இனித் தேவையில்லை. சாவியைப் போடுங்கள். பம்ப் இரண்டு மூன்று விநாடி ‘ஊம்’ என்று இரைந்து நிற்கும். மஞ்சள் இஞ்சின் விளக்கு எரிந்து அணையும். அதன் பிறகு அக்சிலேற்றரைத் தொடாமல் ஸ்ராட் பண்ணுங்கள். அந்த இரைச்சலைக் காதில் பழக்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு வண்டி எழும்பாவிட்டால் நீங்கள் முதலில் தேட வேண்டியது அதைத்தான்.

கேள்வி: பள்ளிக்கூடம் போகும் வழியில் பற்றரி இறங்கிவிட்டால் பழைய வண்டியைப் போலத் தள்ளி ஸ்ராட் பண்ணலாமா? (ஆசிரியை, மல்லாவி)

காபரேட்டர் வண்டிகள் பலவற்றில் பற்றரியே இல்லாவிட்டாலும் கிக்கர் அடித்தால் பிளக்கில் நெருப்பு வரும், பெற்றோல் தானாக இறங்கும். புதியதில் பம்புக்கும் கணினிக்கும் மின்சாரம் வேண்டும். செல்ஃப் சுற்றாத அளவுக்கு இறங்கினாலும் சாவி போட்டதும் பம்ப் சத்தம் கேட்டால் கிக்கரில் எழும்ப வாய்ப்புண்டு. ஹெட் லைட், ஹோர்ன் ஒன்றையும் போடாமல் அடித்துப் பாருங்கள். மீற்றர் விளக்கே எரியவில்லையென்றால் தள்ளி வேர்ப்பதில் பயனில்லை. முதலில் பற்றரிக்குப் பக்கத்தில் இருக்கும் மெயின் பியூசைக் கழற்றிப் பாருங்கள். மாற்றுப் பியூஸ் ஒன்று அதே பெட்டிக்குள் பெரும்பாலும் இருக்கும். பியூஸ் நல்லதென்றால் இன்னொரு 12 வோல்ட் பற்றரியிலிருந்து வயர் கொடுத்து எழுப்பலாம். கார் பற்றரி ஆனாலும் பரவாயில்லை, ஆனால் காரின் இஞ்சின் நின்றிருக்க வேண்டும். சிவப்பை முதலில் கொழுவுங்கள். கறுப்பை வண்டியின் இரும்பில் பிடியுங்கள்.

இந்த வண்டிகளில் இருப்பது 3 அல்லது 4 அம்பியர் மணி அளவுச் சின்னப் பற்றரி. பத்துப் பதினைந்து நாள் ஓடாமல் நிறுத்தினால் இறங்கத் தொடங்கும். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் மைனஸ் வயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது நல்லது. நூறு இருநூறு மீற்றர் ஓட்டத்துக்கு அடிக்கடி செல்ஃப் அடிப்பதும் பற்றரியைத் தின்னும். அதற்கு மேலே எல்ஈடி பார் லைட், பெரிய ஹோர்ன் என்று பூட்டினால் கேட்கவே வேண்டாம்.

பற்றரியை மாற்ற முதல் மல்ற்றிமீற்றர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்லது, 12.4 க்குக் கீழே வந்தால் சார்ஜ் போட வேண்டும். சார்ஜரில் 0.3 இலிருந்து 0.4 அம்பியர் வரை போதும். கராஜில் லொறிப் பற்றரியோடு சேர்த்துப் போட்டால் வெந்துவிடும். பிறகு இஞ்சினை ஓடவிட்டு அக்சிலேற்றரை உயர்த்திப் பாருங்கள்: 14 இலிருந்து 14.5 வரை வர வேண்டும். 13 ஐத் தாண்டவில்லையென்றால் சார்ஜ் ஏறவில்லை. 15 ஐத் தாண்டினால் ரெகுலேற்றர் பழுது. அதை மாற்றாமல் புதிதாக எத்தனை பற்றரி போட்டாலும் அதே கதிதான்.

கேள்வி: எங்கள் ஊரில் பெற்றோல் செற் இல்லை. கடையில் போத்தல் பெற்றோல்தான். புதிய வண்டிக்கு அது ஒத்துவருமா? அவசரத்துக்கு மண்ணெண்ணெய் கலந்தால் என்ன ஆகும்? (கடைக்காரர், ஒட்டுசுட்டானுக்கு உட்புறக் கிராமம்)

மண்ணெண்ணெய் ஒரு துளியும் வேண்டாம். பொருளாதாரத் தடைக் காலத்தில் பிளக் வழியாகச் சில துளி பெற்றோல் விட்டு எழுப்பி, மண்ணெண்ணெயிலேயே வன்னி முழுக்க வண்டி ஓடியது. அந்த இஞ்சின்களில் அமுக்கம் குறைவு, கெடுவதற்குச் சென்சரும் இல்லை. இன்றைய நூறு சீசீ இஞ்சினின் அமுக்க விகிதம் பத்துக்கு ஒன்று அளவில் இருக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றினால் இஞ்சின் ‘டக் டக்’ என்று தட்டும்; எரியாமல் மிஞ்சுவது சைலன்சருக்குள் இருக்கும் புகை வடிகட்டியைச் சூடாக்கி உருக்கும்; ஒட்சிசன் சென்சரில் கரி படியும். ஒரு லீற்றரில் மிச்சம் பிடித்த காசைப் போலப் பல மடங்கு போய்விடும்.

போத்தல் பெற்றோல் ஒத்துவரும், தூய்மையாக இருந்தால். தூசியும் தண்ணீரும்தான் எதிரி. காபரேட்டரில் தண்ணீர் புகுந்தால் அடியில் உள்ள திருகாணியைத் தளர்த்தி வடிக்கலாம். இங்கே அது ராங்கியின் அடியில் கிடந்து, பம்பின் சல்லடை வழியாக இன்ஜெக்டரின் நுண் துளைக்குப் போகும். வாங்கிய போத்தலைப் பத்து நிமிடம் ஆடாமல் வைத்து வெளிச்சத்தில் அடியைப் பாருங்கள். நுண்வலை வைத்த புனல் கொண்டு ஊற்றி, கடைசி இரண்டு விரல் அளவை ராங்கிக்குள் விடாதீர்கள். மாதக்கணக்கில் சேமித்த பெற்றோலும் ஆகாது, பிசின் கட்டும். 2022 தட்டுப்பாட்டில் பரல்களில் பதுக்கியதை ஊற்றிய வண்டிகளுக்கு இது நடந்தது.

அடுத்தது, ‘றிசேர்வ்’ திருகி இனி இல்லை. மீற்றரில் கடைசிக் கோடு மின்னுவதுதான் எச்சரிக்கை. ராங்கிக்குள் இருக்கும் பம்ப் தன்னைச் சுற்றியிருக்கும் பெற்றோலால்தான் குளிர்கிறது. எப்போதும் அடியோடு ஓட்டினால் பம்ப் சூடாகும், அடியில் கிடக்கும் கசடும் இழுபடும். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு ஐம்பது கிலோமீற்றர் அளவு. அப்படியான வீதிகளில் போய்வருகிறவர்கள் கால் ராங்கிக்குக் கீழே இறங்கவிடாமல், அதாவது இரண்டரை லீற்றர் அளவுக்கு, வைத்திருங்கள். பம்ப் இரைச்சல் கூடுவதும், முழு அக்சிலேற்றரில் வண்டி மூச்சுத் திணறுவதும், சூடாக நின்ற வண்டி எழும்ப மறுப்பதும் பம்ப் தளரும் அறிகுறிகள். மாற்ற முதல் சல்லடையைக் கழுவி, அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பாதித் தரம் சல்லடைதான் அடைத்திருக்கும்.

92 ஒக்ரேன் போதும். 95 அடித்தால் இந்த வண்டி கூடுதலாக ஓடாது. ராங்கி மூடியில் ‘ஈ20’ என்று ஒட்டியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்; 20 வீதம் எதனோல் கலந்தாலும் தாங்கும் என்பதே அதன் பொருள். கலக்காத பெற்றோல் தாராளமாகப் பாவிக்கலாம்.

கேள்வி: கிறவல் ரோட்டில் சறுக்கி விழுந்தேன். வண்டிக்குச் சேதம் ஒன்றும் இல்லை. செல்ஃப் சுற்றுகிறது, ஆனால் ஸ்ராட் ஆகவில்லை. தள்ளிக்கொண்டு வந்தேன். (இளைஞர், துணுக்காய்)

சரிவுச் சென்சர். வண்டி விழுந்தால் தீப்பிடிக்காமல் இருக்கப் பம்பையும் நெருப்பையும் அது நிறுத்திவிடும். நிமிர்த்தி, சாவியை முழுதாக ஓவ் பண்ணி, சில விநாடி கழித்து மறுபடி போட்டால் சரியாகும். அதற்கும் எழும்பாவிட்டால் சைட் ஸ்ராண்டைப் பாருங்கள்: பல புதிய மொடல்களில் ஸ்ராண்ட் இறங்கியிருந்தால் இஞ்சின் எழும்பாது, அல்லது கியர் போட்டதும் நின்றுவிடும். ஸ்ராண்ட் மேலே இருந்தாலும் அதன் சுவிச்சில் களி இறுகியிருந்தால் இறங்கியிருப்பதாகவே நினைக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவி நாலு தரம் மடக்கி விரியுங்கள். அந்த வயரை நிரந்தரமாக இணைத்துவிடச் சொல்லும் மெக்கானிக்கின் பேச்சைக் கேட்காதீர்கள். இறங்கிய ஸ்ராண்டோடு வளைவில் திரும்புவது உயிராபத்து.

கேள்வி: புழுதிக்காக எயார் பில்டரை மாதா மாதம் எயார் அடித்துத் துப்புரவாக்குகிறோம். புதிய மொடலுக்கும் அப்படித்தானே? (கராஜ், விசுவமடு)

பஞ்சுப் பில்டர் என்றால் மண்ணெண்ணெயில் கழுவி, பிழிந்து, இஞ்சின் ஒயில் தடவிப் பூட்டுவது சரி. புதிய மொடல்கள் பலவற்றில் இருப்பது எண்ணெய் ஊறிய கடதாசிப் பில்டர். அதற்கு எயார் அடித்தால் எண்ணெய்ப் பசை போய்விடும், கடதாசியில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும், பிறகு புழுதி நேரே சிலிண்டருக்குப் போகும். கழுவவும் கூடாது. மாற்றத்தான் வேண்டும். கையேட்டில் உள்ள கிலோமீற்றர் தார் வீதிக்கானது. கிறவலிலும் வயல் வரம்பிலும் ஓடும் வண்டிக்கு அதில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நுட்பம்: காபரேட்டர் வண்டியில் பில்டர் அடைத்தால் கறுப்புப் புகை வரும், பிளக் கறுக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் காற்று குறைந்தால் கணினி பெற்றோலையும் குறைத்துவிடும். புகை வராது, இழுவைதான் மெல்ல மெல்லக் குறையும். வாடிக்கையாளர் “வண்டி பாரம் இழுக்குதில்லை” என்று வந்தால் இஞ்சினைத் திறக்க முதல் பில்டர் பெட்டியைத் திறவுங்கள். பெட்டியின் மூடி ஓரத்து ரபரும் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். புதுப் பில்டர் போட்டும் மூடியைச் சரியாகப் பூட்டாமல் விட்டதால் தேய்ந்த பிஸ்டன்கள் உண்டு.

கேள்வி: மீன் பெட்டி வைக்கப் பின்னால் கரியர் ஒட்டிக்கொள்ள வேண்டும். புதிய வண்டியில் வெல்டிங் பிடித்தால் கணினி எரிந்துவிடும் என்கிறார்கள். உண்மையா? (மீன் வியாபாரி, முள்ளியவளை)

எரியலாம். வண்டியிலேயே வெல்டிங் பிடிக்காமல், இருக்கும் போல்ட் துளைகளில் பூட்டக்கூடிய கரியரைத் தனியாகச் செய்து கொண்டுவந்து முடுக்குவதே சிறந்தது. வேறு வழி இல்லையென்றால் சாவியை எடுத்து, பற்றரியின் மைனசைக் கழற்றி, பிறகு பிளஸையும் கழற்றி, கணினியின் பிளக்கையும் இழுத்துவிடுங்கள். வெல்டிங்கின் ஏர்த் கிளிப்பை ஒட்டும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்துக்குள், பெயின்ற் சுரண்டிய இரும்பில் பிடிக்க வேண்டும். சைலன்சரிலோ இஞ்சினிலோ பிடித்தால் மின்சாரம் பெயாரிங்குகள் வழியாகப் போய் அவற்றையும் குழி விழுத்தும்.

சுமையையும் கணக்குப் பாருங்கள். இந்த வகுப்பு வண்டிகளுக்குச் சொல்லப்படும் உச்சச் சுமை ஓட்டுநரோடு சேர்த்து 130 கிலோ அளவு. நீங்கள் 65, கரியரும் வெறும் பெட்டியும் 15 என்றால் மீனுக்கும் ஐஸுக்கும் மிஞ்சுவது 50 கிலோ. பெட்டியின் பாரம் பின் சில்லின் அச்சுக்கு முன்னால் விழ வேண்டும். பின்னால் தள்ளி வைத்தால் முன் சில்லு இலேசாகி மணலில் ஹாண்டில் ஆடும். பின் சொக் அப்சோபரை இரண்டு பக்கமும் ஒரே படியில் உயர்த்துங்கள். ரயர் காற்றுக்கு, இருவர் ஏறும்போது என்று ஸ்ரிக்கரில் உள்ள அளவை எடுங்கள்.

ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர்தான் இந்தத் தொழிலில் வண்டியை முதலில் தின்பது. பெட்டியின் வடிகாலில் ஒரு ரபர்க் குழாய் பூட்டி, செயினுக்கும் சில்லுக்கும் எட்டாத பக்கம் நிலம் வரை இறக்குங்கள். வேலை முடிந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள், ஆனால் பிரஷர் வோஷ் வேண்டாம். அது வயர் பிளக்குகளுக்குள் தண்ணீரை ஏற்றும். பின்பக்க லைட், இன்ஜெக்டர், ஒட்சிசன் சென்சர் ஆகியவற்றின் பிளக்குகளைக் கழற்றி, காய்ந்த பின் மின்பிளக்குகளுக்கான சிலிக்கன் கிறீஸ் கொஞ்சம் பூசுங்கள். செயினுக்கு 90 கியர் ஒயில் வாரத்துக்கு ஒரு தரம். தளர்வு நடுவில் 25 இலிருந்து 30 மில்லிமீற்றர் வரை. சில்லைச் சுற்றி, மிக இறுக்கமான இடத்தில் வைத்து அளக்க வேண்டும்.

கேள்வி: கால் பிறேக்கை மிதித்தால் முன் பிறேக்கும் பிடிக்கிறது. மணலில் பயமாக இருக்கிறது. கழற்றிவிடலாமா? (தபால் ஊழியர், பூநகரி)

கழற்ற வேண்டாம். 125 சீசீ வரையிலான வண்டிகளுக்கு இந்த இணைந்த பிறேக்கை இந்தியா 2019 ஏப்ரலிலிருந்து முழுமையாகக் கட்டாயமாக்கியது. அவசரத்தில் காலை மட்டும் மிதிக்கும் எங்கள் பழக்கத்துக்கு அது உதவி. தார் வீதியில் வண்டி குறைந்த தூரத்தில் நிற்கும்.

மணலில் முன் சில்லு முந்திப் பிடிக்கிறதென்றால் பெரும்பாலும் முடுக்கிய விதம் பிழை. முதலில் பின் பிறேக் நட்டை முடுக்கிக் கால் மிதியில் 20 இலிருந்து 30 மில்லிமீற்றர் வெற்றசைவு வையுங்கள். அதற்குப் பிறகு முன் கேபிள், கைப்பிடியில் 10 இலிருந்து 20 வரை. சென்ரர் ஸ்ராண்டில் நிறுத்தி, ஒருவர் முன் சில்லை உயர்த்திச் சுற்ற, மற்றவர் கால் மிதியைக் கையால் மெல்ல அமத்திப் பாருங்கள். பின் சில்லு முதலில் இறுக வேண்டும், முன்னது அதற்குப் பிறகு. மாறி நடந்தால் முன் கேபிள் கூடுதலாக முடுக்கப்பட்டிருக்கிறது. ஓட்டும்போது, வளைவுக்கு முன்பே வண்டி நிமிர்ந்திருக்கையில் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். மணல் வளைவுக்குள் மிதிக்காதீர்கள்.

கேள்வி: ரியூப் இல்லாத ரயர் எங்கள் ரோட்டுக்குச் சரியா? (நெடுங்கேணி)

முள்ளுக்கும் ஆணிக்கும் சரி. ஆணியைப் பிடுங்காமல் ஒட்டுக் கடை வரை மெதுவாக ஓட்டலாம். பள்ளத்தில் இடித்து றிம் ஓரம் நெளிந்தால் காற்று நிற்காது. அன்றைக்கு ஒரு ரியூப் போட்டுச் சமாளிக்கலாம். கைப் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

கேள்வி: மஞ்சள் இஞ்சின் விளக்கு அணையாமல் இருக்கிறது. கணினியை மாற்றச் சொல்கிறார்கள். எங்களிடம் பழுதைப் படிக்கும் ஸ்கானர் இல்லை. (கராஜ், பரந்தன்)

கணினி கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய பொருள். பற்றரி வோல்ட், ஏர்த் வயர், வயர் பிளக்குகள், அதற்குப் பிறகு சென்சர்: இந்த ஒழுங்கில் போங்கள். எலி கடித்த வயரும், சேர்விசின்போது முழுதாகத் தள்ளாத பிளக்கும் நிறைய விளக்குகளை எரித்திருக்கின்றன.

சில வண்டிகள் ஸ்கானர் இல்லாமலே விளக்கை மின்னிப் பழுதைச் சொல்லும். ஹொண்டாவின் இன்ஜெக்‌ஷன் முறையில் நீண்ட மின்னல் பத்து, குறுகிய மின்னல் ஒன்று. ஏழு குறுகிய மின்னல் என்றால் இஞ்சின் சூட்டுச் சென்சர். எட்டு என்றால் திரொட்டில் சென்சர். ஒரு நீளம், இரண்டு குறுகல் என்றால் 12, அதாவது இன்ஜெக்டர். இரண்டு நீளம், ஒரு குறுகல் என்றால் 21, ஒட்சிசன் சென்சர். மற்றக் கம்பனிகளுக்கு அவரவர் சேர்விஸ் புத்தகத்தில் உள்ள அட்டவணையைப் பாருங்கள். ஒட்சிசன் சென்சர் என்று காட்டினால் சைலன்சர் மூட்டில் காற்று கசிகிறதா என்று முதலில் பாருங்கள். கசிவு சென்சரை ஏமாற்றும். 2023 ஏப்ரலுக்குப் பிந்திய இந்திய மொடல்களில் சோதனைப் பிளக் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. ஸ்கானர் ஒன்று வாங்குவது இனிக் கராஜுக்குச் செலவல்ல, ஆயுதம். தனியாக முடியாதென்றால் பக்கத்துக் கராஜ்கள் இரண்டு மூன்று சேர்ந்து வாங்குங்கள்.

கேள்வி: மாரியில் குளம் வான் பாயும்போதும், வட்டுவாகல் பாலத்தில் தண்ணீர் ஏறும்போதும் வண்டியை இறக்கலாமா? (முல்லைத்தீவு)

ஓடும் தண்ணீரில் இறங்காதீர்கள். வண்டியைவிட நீங்கள் பெரிது. தேங்கி நிற்கும் தண்ணீர் சில்லின் அச்சுக்குக் கீழே என்றால் முதல் கியரில், அக்சிலேற்றரைத் தளர்த்தாமல் மெதுவாகப் போகலாம். கரையேறியதும் பிறேக்கை மெல்ல அமத்தியபடி கொஞ்சத் தூரம் ஓட்டி ட்ரம்மைக் காயவிடுங்கள்.

நடுவில் நின்றுவிட்டால் செல்ஃப் அடிக்கவே கூடாது. சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கொனெக்ரிங் றொட் வளையும். தள்ளிக் கரைக்குக் கொண்டுவந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சாவி ஓவில் இருக்க, அக்சிலேற்றரை முழுதாகத் திறந்து கிக்கரை அடியுங்கள். சாவி போட்டு அடித்தால் இன்ஜெக்டர் பெற்றோலும் விசிறும். கிக்கர் இல்லாத வண்டியென்றால் நாலாம் கியரில் போட்டுத் தள்ளுங்கள். எயார் பெட்டியின் அடிக்குழாய் மூடியைக் கழற்றித் தண்ணீரை வடியுங்கள். நனைந்த கடதாசிப் பில்டரை எறிந்துவிடுங்கள். ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் வடித்துப் புதிதாக ஊற்றி, சில நிமிடம் ஓடவிட்டு, மறுபடி ஒரு தரம் மாற்றுங்கள். வட்டுவாகலில் ஏறுவது நந்திக்கடலின் உப்புத் தண்ணீர். அங்கே நனைந்த வண்டியை அன்றே கழுவ வேண்டும்.

கேள்வி: ஒயில் எது, எவ்வளவு? கார் ஒயில் மிச்சம் இருக்கிறது, ஊற்றலாமா? (வட்டக்கச்சி)

வேண்டாம். கார் ஒயில்கள் பலவற்றில் உராய்வு குறைக்கும் மருந்து உண்டு. மோட்டார் சைக்கிளில் கிளச்சும் அதே ஒயிலில்தான் மிதக்கிறது. பாரம் ஏற்றினால் கிளச் வழுக்கும். போத்தலில் ‘ஜாசோ எம்ஏ’ என்ற குறி இருக்கட்டும். தடிப்பைக் கையேட்டின்படி எடுங்கள்: ஸ்பிளென்டருக்கு 10டபிள்யூ30, வடித்து ஊற்றும்போது 900 மில்லிலீற்றர். ஒரு லீற்றர்ப் போத்தலை முழுதாகக் கவிழ்க்காதீர்கள். அளவு பார்க்க, சென்ரர் ஸ்ராண்டில் சமதரையில் நிறுத்தி மூன்று நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, இன்னும் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, அளவுகோலைத் துடைத்துச் செருகிப் பாருங்கள். திருகக் கூடாது, திருகிப் பார்த்தால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும்.